பறக்கத் தகுதி

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் மூன்று தேர்கள் ஓடும். அன்று வடம் பிடிக்கும் கூட்டத்தைக் கண்டவர் பலர். ஆயின், அதற்குச் சில நாள் முன்னதாகத் தேரின் அடியில் நிகழ்வதனைக் கண்டவர் சிலரே. தச்சாசாரி ஒருவர் கையிற் கொட்டாப்புளியுடன் குனிந்து உள்ளே செல்வார். அச்சைத் தட்டிப் பார்ப்பார். சக்கரத்தின் குடத்தைத் தடவிப் பார்ப்பார். தளர்ந்த இடத்தில் ஆப்பு அறைவார். இக்காலத்தில் அதன் பின்னர்ப் பொதுப்பணித் துறைப் பொறியாளரும் தேரைப் பார்வையிட்டு, அது ஓடத் தக்கது எனச் சான்று எழுதித் தருகின்றார். இளமையில் அந்த ஆசாரியின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவன் யான். ஒரே அச்சை அவர் ஏன் இத்தனை முறை தட்டுகின்றார் என்பது அந்நாளில் எனக்கு விளங்கவில்லை.

ஓடும் தேரில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் முட்டுக்கட்டை இட்டு நிறுத்திவிடலாம். அன்று நிலைக்கு வாராவிடின் மறுநாள் வரும். பத்தாயிரம் மீட்டர் உயரத்திற் பறக்கும் வானூர்திக்கு அத்தகைய முட்டுக்கட்டை ஏது? இடைவழியில் இறங்கிப் பழுது பார்க்கவும் இயலாது. ஆதலின், அதற்குரிய முட்டுக்கட்டைகள் எல்லாம் தரையிலேயே இடப்படுகின்றன. சட்டம் வகுத்த சோதனைகளும் கட்டாயப் பழுதுபார்ப்புகளுமே அவை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நமக்கு வானத்துறைமுகம் திருவனந்தபுரமே. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், 1935ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பம்பாயிலிருந்து அந்நகருக்கு டாட்டா நிறுவனத்தின் விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. 1956 நவம்பர் முதல் நாளில் நாம் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னரும், குளச்சலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் செல்வோர் பெரும்பாலும் அங்கிருந்தே விமானம் ஏறுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், என் மகன் வீட்டுக்குச் செல்லும்பொருட்டு யானும் அங்கே காத்திருந்தேன். புறப்படும் நேரம் கடந்தது. "ஓர் உறுப்பை மாற்றுகின்றனர், பொறுத்தருள்க" என்று அறிவிப்பு வந்தது. ஒரு மணி நேரம் நான்கு மணி நேரமாயிற்று. அன்று மாலையே வேலையிற் சேர வேண்டிய இளைஞர் ஒருவர் உரத்த குரலிற் சினந்து பேசினார், சுற்றியிருந்தோரும் சேர்ந்துகொண்டனர். யானும் முணுமுணுத்தேன் என்பதனை மறைப்பானேன்? கண்ணாடிச் சுவருக்கு அப்பால், தூறும் மழையில் ஏணி மேல் நின்ற இருவர் கைவிளக்கைப் பிடித்து இயந்திரத்தின் உள்ளே நோக்கிக்கொண்டிருந்தனர். எங்கள் கூச்சல் அவர்களுக்குக் கேட்டிராது. கேட்டிருப்பினும் அவர்கள் விரைந்திருக்க மாட்டார்கள்.

விரைதற்கு அவர்களுக்கு உரிமையில்லை. ஒரு விமானம் பழுது பார்க்கப்பட்ட பின், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் 'இது பறக்கத் தகுதியுடையது' என எழுதிக் கையொப்பம் இட்டாலன்றி அது தரையை விட்டு எழுதல் கூடாது. அந்த ஒரு கையொப்பத்திற்கு அவரே பொறுப்பாளி. விமானம் ஓட்டுபவரும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் விமானத்தைச் சுற்றி நடந்து சக்கரம், இறக்கை, இயந்திரத்தின் வாய் ஆகியவற்றை நோக்குதல் மரபு. பண்டைத் தமிழர் தேரோட்டியை வலவன் என்றனர். அச்சொல்லையே விமானம் ஓட்டுபவருக்கும் வழங்கலாம் என்பது என் கருத்து. இனி அவ்வாறே வழங்குவேன்.

அன்றாடப் பார்வையொடு சோதனை முடிவதில்லை. சில நூறு மணி நேரம் பறந்தவுடன் ஒரு சோதனை உண்டு. ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விமானத்தைக் கொட்டிலுக்குள் இழுத்துச் சென்று பல நாள் நிறுத்திப் பார்க்கும் பெருஞ்சோதனை உண்டு. இன்னும் சில ஆண்டுகள் கழிந்தால், இருக்கைகளையும் உட்புறத் தகடுகளையும் கழற்றி, எலும்புக்கூடு தோன்றும் அளவிற்குப் பிரித்துப் பார்ப்பர். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவர். ஒரு திருப்புளி குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் நகராது.

இத்துணைத் தேடியும் அவர்கள் காண விழைவது யாது? பெரும்பாலும் ஒரு மயிரிழை விரிசல்.

குடைக்கம்பி ஒன்றை எடுத்து ஒருமுறை வளைத்தால் அது முறியாது. முன்னும் பின்னுமாகப் பன்முறை வளைத்தால் முறிந்துவிடும். இதனை உலோகச் சோர்வு என்பர். உயரத்திற் காற்று மெல்லியது. ஆதலின், பயணிகள் மூச்சு விடுதற்பொருட்டு விமானத்தின் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகின்றனர். மேலே ஏறும்போது உடற்கூடு சிறிதே விம்முகின்றது, இறங்கும்போது தளர்கின்றது. ஒரு பயணத்துக்கு ஒருமுறை குடைக்கம்பி வளைந்தது போலாம்.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. ஜெட் இயந்திரம் பூண்டு பயணிகளைச் சுமந்த முதல் விமானமாகிய காமெட், 1952இல் ஓடத் தொடங்கிற்று. 1954 ஜனவரி 10ஆம் நாள் அவற்றுள் ஒன்று இத்தாலியின் எல்பாத் தீவருகே வானிலேயே சிதறியது. அதில் இருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரல் 8ஆம் நாள் மற்றொன்று நேப்பிள்ஸ் நகரருகே கடலில் வீழ்ந்தது. 21 பேர் இறந்தனர். இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆய்வுக்கூடத்தார் காமெட் ஒன்றின் உடற்கூட்டைப் பெருந்தொட்டியுள் அமிழ்த்தி, உள்ளே நீரை அழுத்தியும் தளர்த்தியும் பயணங்களை நடித்துக் காட்டினர். முன்னர்ப் பறந்த 1,221 பயணங்களோடு தொட்டியின் 1,836 பயணங்களும் சேர்ந்து 3,057 ஆனபோது, திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து கூடு கிழிந்தது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காண்பது எங்ஙனம்? சந்தையிற் பானை வாங்கும் நம் வீட்டுப் பெண்டிர் அதனைச் சுண்டிப் பார்ப்பர். கீறல் இருந்தால் ஒலி மாறும். செவிக்கெட்டா ஒலியை உலோகத்துட் செலுத்தி, அது எதிரொலிக்கும் வகையால் உட்கீறலை அறியும் முறை அதற்கு இனமானதே. மற்றொரு முறை மிக எளியது. உறுப்பின் மேல் செஞ்சாயம் பூசித் துடைத்துவிட்டு, வெண்பொடியைத் தூவுவர். மேற்பரப்பிற் சாயம் நீங்கிவிடும்; விரிசலுக்குள் ஒளிந்த சாயம் மட்டும் மெல்லக் கசிந்து, வெண்மையின் மேல் ஒரு செங்கோடாய்த் தோன்றும்.

இனி, 'கட்டாயம்' என்னும் சொல்லைச் சிறிது ஆராய்வோம். இப்பாடத்தின் உயிர் அதில் உள்ளது. ஒரு வகை விமானத்தில் எங்கேனும் ஒரு குறை தென்பட்டால், அதனைச் செய்த நிறுவனம் எல்லாருக்கும் அறிவுரை மடல் அனுப்புகின்றது. அறிவுரை அறிவுரையே, ஏற்கலாம், தள்ளலாம். குறை உயிருக்கு ஊறு விளைக்கக் கூடியதெனின், நாட்டின் விமானத் துறை அதனை ஆணையாக்குகின்றது. இன்ன விமானம், இன்ன உறுப்பு, இத்தனை நாளுக்குள் அல்லது இத்தனை பயணத்துக்குள் என்று ஆணை வரையறுக்கும். நாள் கடந்தால் அவ்விமானத்தின் பறக்கும் தகுதி தானே நீங்கும். நம் நாட்டில் இப்பணி சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தைச் சார்ந்தது. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாக வந்த புதிய சட்டம் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது.

ஆணை சில வேளை ஒரே இரவில் பாயும். 2025 நவம்பர் இறுதியில், கதிரவனின் கடுங்கதிர் வீச்சால் ஏர்பஸ் ஏ-320 இன விமானங்களின் கணிப்பொறி ஒன்றிற் பிழை நேரலாம் எனத் தெரிந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 6,000 விமானங்கள், அப்பிழையைத் திருத்தாமற் பறத்தல் கூடாதெனக் கட்டளை பிறந்தது. உலோகமே அன்றிக் கணக்கும் பழுதுறும் காலம் இது.

அறிவுரைக்கும் ஆணைக்கும் இடையே ஓர் உயிர் போன வரலாறும் உண்டு. 1988 ஏப்ரல் 28ஆம் நாள், பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளிடையே, அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று 95 பேருடன் சென்றது. அது 19 ஆண்டுப் பழையது. தீவுக்குத் தீவு குறும்பயணமாக அதற்குமுன் 89,680 முறை பறந்திருந்தது. உப்புக் காற்று, நம் கடற்கரையில் இரும்புச் சன்னலை அரிப்பது போல, அதன் தகட்டு இணைப்புகளை அரித்திருந்தது. 24,000 அடி உயரத்தில் கூரையின் முன்பகுதி, ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் காற்றில் வீசப்பட்டு மறைந்தார். வலவரின் திறத்தால் மற்ற 94 பேரும் உயிரோடு தரையிறங்கினர்.

அமெரிக்க விசாரணைக் குழு கண்டது யாதெனின், தகட்டு இணைப்புகள் அனைத்தையும் பார்க்குமாறு போயிங் நிறுவனம் முன்னரே அறிவுரை விடுத்திருந்தது. 1987இல் பிறந்த அரசாணையோ அவற்றுள் ஒரு பகுதியை மட்டுமே கட்டாயமாக்கிற்று. அதனினும் வருந்தத் தக்க செய்தி ஒன்றுளது. அன்று விமானம் ஏறிய பயணி ஒருவர், கதவருகே உடற்கூட்டில் நீண்ட விரிசல் ஒன்றைக் கண்டார். கண்டும் எவரிடமும் சொல்லவில்லை! சோதிப்பவர் கண்ணுக்குத் தப்பியது வழிப்போக்கர் கண்ணிற் பட்டது, ஆயினும் பயன்படவில்லை.

நம் நாட்டிலும் அண்மையில் இவ்வினா எழுந்தது. 2025 ஜூன் 12ஆம் நாள் அகமதாபாதில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் எழுந்த சில நொடிகளில் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 242 பேருள் ஒருவரே பிழைத்தார். தரையில் இருந்தோரையும் சேர்த்து 260 பேர் மாண்டனர். எரிபொருள் விசைகளின் பூட்டைச் சோதிக்குமாறு அமெரிக்க விமானத் துறை 2018இல் ஓர் அறிவுரை வெளியிட்டிருந்தது என்றும், அது கட்டாயமன்று ஆதலால் அச்சோதனை செய்யப்படவில்லை என்றும் ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை குறிப்பிட்டது. அப்பூட்டின் குறையே விபத்துக்குக் காரணம் என அவ்வறிக்கை கூறவில்லை; பிற விமானங்களிற் பின்னர்ச் சோதித்தபோது ஏர் இந்தியா குறை எதனையும் காணவுமில்லை. ஆயினும், அறிக்கை வந்த இரண்டு நாளில், ஜூலை 14 அன்று, நம் இயக்ககம் அந்த அறிவுரையை ஆணையாக்கி, ஒரு வாரத்துக்குள் விசைகளைச் சோதிக்கப் பணித்தது. கண்ணால் பார்த்துக் கையால் அசைத்துப் பார்க்கும் சிறுவேலை, ஏழாண்டு காத்திருந்தது.

ஹெலிகாப்டரின் நிலை இன்னும் நுண்ணியது. குமரி முனைக்குத் தலைவர்கள் திருவனந்தபுரத்திலிருந்து அதில் வந்து இறங்குவதனை நீங்கள் கண்டிருக்கலாம். அதன் இயந்திரம் நின்றுவிட்டாலும், தலைமேற் சுழலும் தகடுகள் காற்றின் விசையாற் சுழன்று மெல்ல இறக்கிவிடக் கூடும். ஆனால், அத்தகடுகளை வலவர் கைக்குள் அடக்கி வைத்திருக்கும் சாய்தட்டு முறிந்தால் அவர் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. 2025 ஜனவரி 5ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவற்படையின் துருவ் ஹெலிகாப்டர் வீழ்ந்து மூவர் இறந்தனர். சாய்தட்டு முறிந்தமை ஆய்வில் தெரிந்தது. நாடெங்கும் முப்படையிலும் காவற்படையிலும் இருந்த 300க்கு மேற்பட்ட துருவ் ஹெலிகாப்டர்கள் தரையில் நிறுத்தப்பட்டுப் பல மாதம் ஆராயப்பட்டன. இத்தகைய உறுப்புகளுக்கு வாழ்நாள் வரையறையும் உண்டு. குறித்த மணிக்கணக்கு முடிந்தால், பளபளவென்று புதிது போல இருப்பினும் கழற்றி எறிந்துவிடவே வேண்டும். சிக்கனம் பேசும் நம்மனோர்க்கு இது கொடுமையாகத் தோன்றும்!

பொருள் எத்துணை உயர்ந்ததாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை என்பதனை நம் அண்டை நகரே கண்டது. அகமதாபாத் விபத்து நிகழ்ந்து இரண்டு நாள் கழித்து, 2025 ஜூன் 14 அன்று, பிரிட்டிஷ் கடற்படையின் எப்-35பி போர்விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கியது. கடலில் வானிலை சீர்கெட்டமையால் தன் கப்பலுக்குத் திரும்ப இயலாமல், எரிபொருளும் குறைந்த நிலையில் வந்தது. உலகின் விலைமிக்க போர்விமானங்களுள் ஒன்று அது. எரிபொருள் நிரப்பியவுடன் சென்றுவிடும் என்றே எல்லாரும் எண்ணினர். ஆயின், புறப்படுமுன் செய்த சோதனையில், நீர்ம அழுத்தத்தால் இயங்கும் அமைப்பிற் கோளாறு தென்பட்டது. கப்பலிலிருந்து வந்த பொறியாளர்களால் அதனைத் தீர்க்க முடியவில்லை. மழை பெய்தது, விமானம் நனைந்து நின்றது, கேரளச் சுற்றுலாத் துறையும் அதனை வைத்து நகையாடி விளம்பரம் செய்தது. உலகம் சிரிக்கின்றதே என்று எவரும் அதனை எழுப்பிவிடவில்லை. ஜூலை 6 அன்று பிரிட்டனிலிருந்து வல்லுநர் குழு தனி விமானத்திற் கருவிகளோடு வந்து, ஏர் இந்தியாவின் பழுதுபார்க்கும் கொட்டிலுக்குள் அதனை இழுத்துச் சென்றது. பழுது நீங்கியபின், ஜூலை 22ஆம் நாள் காலை, முப்பத்தெட்டு நாள் தரையில் நின்ற அவ்விமானம் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை நோக்கி எழுந்து சென்றது.