இறகும் தண்ணீர்க் குவளையும் ஒரே கனம்!

1774ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் நின்றிருந்தது. உள்ளூர்க்காரரிடம் வாங்கிய ஒரு மீனின் ஈரலையும் சினையையும் குக்கும் உடன் வந்த ஆய்வாளர்கள் இருவரும் சிறிதளவு சுவைத்தார்கள். விடிவதற்குள் கைகால்கள் மரத்துப் போயின. தண்ணீர் நிறைந்த குவளையும் ஓர் இறகும் கையில் ஒரே கனமாகத் தெரிந்ததாகக் குக் தமது குறிப்பேட்டில் எழுதினார். குடலைத் தின்ற பன்றி செத்துக் கிடந்தது. அது பேத்தை மீன். நாம் 'ஈக்கான் புந்தால்' என்கிறோமே, அந்த இனம்.

வேடிக்கை என்னவென்றால், சில வாரங்களுக்கு முன்புதான் மலேக்குலா தீவருகே பிடித்த சிவப்பு மீன்களை உண்டு அதே கப்பலின் அதிகாரிகள் படுத்துவிட்டிருந்தார்கள். தலையும் கைகால்களும் வலித்தன. தோல் முழுதும் எரிந்தது. தேற ஒரு வாரத்துக்கும் மேலானது. அதை இன்று 'சிகுவாட்டெரா' நஞ்சு என்கிறார்கள்.

'ஃபுட் பாய்சன்' என்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் நம் நினைவுக்கு வரும். இவ்விரு நஞ்சுகளும் நரம்பைத் தாக்குபவை. நரம்பணுவின் சுவரில் சோடியம் அயனிகள் நுழையும் நுண்ணிய கதவுகள் உண்டு. அவை திறந்து மூடினால்தான் செய்தி நகரும். பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் அக்கதவை அடைத்துவிடுகிறது. செய்தி நின்று, உதடு மரத்து, முற்றினால் மூச்சுத் தசையும் செயலிழக்கும். சிகுவாட்டெரா நேர் எதிர்: கதவை மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது; சிலருக்கு ஐஸ் தண்ணீரைத் தொட்டால் சுடுகிறது! இந்தத் தொல்லை மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

சிகுவாட்டெரா மீனில் பிறப்பதல்ல. பவளப்பாறைகளில் ஒட்டி வாழும் நுண்பாசியிலிருந்து சிறு மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய கெராப்பு, சீலா போன்றவற்றுக்கும் ஏறிச் சேர்கிறது. அதற்காகக் கெராப்புக் கறியையே வெறுக்க வேண்டாம். பாறைப் பகுதியில் பிடிபட்ட மிகப் பெரிய மீனின் தலை, ஈரல், சினையில்தான் ஆபத்து அதிகம். வாடையோ சுவையோ காட்டிக்கொடுக்காது. பொரித்தாலும் உறைய வைத்தாலும் இரண்டு நஞ்சும் அழியா.

இரண்டுக்கும் மாற்று மருந்து இல்லை. ஆனால் பேத்தை மீன் நஞ்சில் மூச்சு நிற்குமுன் செயற்கைச் சுவாசக் கருவி கிடைத்தால் பலர் பிழைக்கிறார்கள். ஆகவே மீன் சாப்பிட்ட பின் உதடோ நாக்கோ மரத்தால், படுத்தால் சரியாகும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன மீன், எப்போது, எந்தப் பகுதியைச் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.