2 உயிருக்கு 24 நாள் ஜெயில்!

விழுப்புரம்,
திண்டிவனம்–விழுப்புரம் சாலையில் ராத்திரி பகலாக பஸ், லாரி, கார் பறக்கிறது. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் என்ன ஆகும்? "பைன் கட்டிட்டா போச்சு" என்று நினைப்பவர்கள் உண்டு.

சட்டம் அவ்வளவு லேசு அல்ல. 2019 திருத்தப்படி முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.15 ஆயிரம், அல்லது இரண்டும். லைசென்சையும் கோர்ட்டு குறைந்தது 6 மாதம் முடக்க வேண்டும்.

கெடுப்பது அந்த "அல்லது"தான்! காசு உள்ளவன் கட்டிவிட்டு மறுபடி வண்டியை எடுக்கிறான்.

சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பு
பஞ்சாபில் கார் மோதி 2 பேர் பலியானார்கள். டிரைவருக்கு விதித்த 1 ஆண்டு ஜெயிலை, நஷ்டஈடு கொடுத்ததால், அவர் உள்ளே இருந்த 24 நாளோடு ஐகோர்ட்டு முடித்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்து 6 மாதமாக்கியது.

அலட்சியமாக ஓட்டி உயிரைப் பறித்தால் பழைய சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டுதான். 2024 ஜூலை 1 முதல் 5 ஆண்டு.

ஏட்டில் ஏறினால் போதுமா? தீர்ப்பிலும் ஏற வேண்டும். ஓட்டியவனுக்கு இரண்டாவது தடவை உண்டு. செத்தவனுக்கு ஏது?