வெயில் அடிக்குது, வெள்ளம் எப்படி வருது?

குத்துக்கல்வலசைல நின்னு மேற்கே பாருங்க: மலைமேல மேகம் கறுத்திருக்கும், இங்க வெயில் அடிக்கும். வானிலை அறிவிப்பு நம்மளைக் குழப்பறது இங்கதான்.

'தென்காசி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை'ன்னா, அந்த இடங்கள்ல 24 மணி நேரத்துல 64.5லிருந்து 115.5 மில்லிமீட்டர் வரை பெய்யலாம்னு அர்த்தம். அந்த 'ஓரிரு இடம்' நம்ம மொட்டைமாடியா இருக்கணும்னு இல்ல. மலையா இருந்தா, தண்ணி அருவி வழியாத்தான் இறங்கும். போன்ல சூரியன் படம் காட்டினாலும் இறங்கும்!

2024 மே 17, பழைய குற்றாலத்துல அப்படித்தான் திடீர் வெள்ளம். 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துட்டான்.

எச்சரிக்கை இருக்கற நாள்ல அருவிப் பக்கம் போகாதீங்க. ஏற்கெனவே குளிச்சிட்டிருந்தா தண்ணியைக் கவனிங்க. கலங்கலா, சருகோட வந்தா உடனே வெளிய வந்துடுங்க. செருப்பைத் தேடிட்டு நிக்காதீங்க.