சிக்கிக்கொண்ட தோட்டா!

பூந்தமல்லியில் இருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் சென்னீர்குப்பம் இருக்கிறது. ஒரு பக்கம் பூந்தமல்லி. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய பட்டாளம் தங்கி இருந்த ஊர். மறு பக்கம் ஆவடி. 1960-களில் இருந்து ராணுவ டாங்கிகள் செய்யும் ஊர்.

இந்தச் சாலை ஓரத்தில், சித்திரை மாத வெயிலில், ஓர் இரும்புக் கம்பியைப் போட்டு வையுங்கள். பகல் 2 மணிக்குத் தொட்டால் கை பொள்ளும். நம் ஊர் வெயில் அப்படி!

அந்த வெயில், ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களுக்கு எமனாக வந்தது.

வெள்ளைக்காரத் துரைகள் சீமையில் புதுத் துப்பாக்கி வாங்குவார்கள். அங்கே சுட்டுப் பார்க்கும்போது ஒரு குறையும் இருக்காது. கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்து, காட்டுக்குள் போவார்கள். முதல் குண்டு பாயும். புலி சாகாது. காயத்தோடு திரும்பிப் பாயும். உடனே அடுத்த தோட்டாவைப் போட வேண்டும். ஆனால், சுட்டு முடிந்த காலித் தோட்டா வெளியே வராது! குழலுக்குள் பல்லைக் கடித்தது போல் சிக்கிக்கொள்ளும்.

காரணம் என்ன?

பித்தளைக் கூடு

தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. அடியில் கேப்பு. உள்ளே மருந்து. வாயில் குண்டு. விசையை இழுத்ததும் மருந்து எரிந்து ஆவி ஆகிறது. அந்த ஆவி குண்டை முன்னே தள்ளுகிறது. பித்தளைக் கூட்டையும் நாலா பக்கமும் உப்பச் செய்கிறது. கூடு உப்பி, குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. குண்டு வெளியே போனதும் கூடு கொஞ்சம் சுருங்கும். அப்போது ஒரு சிறு கொக்கி அதன் விளிம்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது.

ஆவியின் அழுத்தம் அளவுக்கு மேல் போனால்? கூடு சுருங்காது. கொக்கி இழுத்தால் விளிம்புதான் பிய்த்துக்கொண்டு வரும்.

அந்தக் காலத்து மருந்தின் பெயர் கார்டைட். நூல் நூலாக இருக்கும். "கார்ட்" என்றால் இங்கிலீஷில் கயிறு. பெயர் வந்த கதை அதுதான். நீலகிரியில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காட்டில், கார்டைட் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை வைத்தார்கள். கார்டைட் சூடாக இருந்தால் வேகமாக எரியும். லண்டன் குளிரில் ஒழுங்காக எரிந்த மருந்து, நம் ஊர் வெயிலில் காய்ந்த பிறகு வெறி பிடித்தது போல் எரிந்தது. அழுத்தம் ஏறியது. கூடு சிக்கியது. துப்பாக்கியின் மேல் குற்றம் இல்லை!

சீமைக் கம்பெனிகள் விஷயத்தைப் புரிந்துகொண்டன. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்துப் போட்டுத் தனித் தோட்டா செய்தன. கூட்டின் வடிவத்தையும், அடி பெருத்து நுனி சிறுத்து முள்ளங்கி போல் ஆக்கின. முள்ளங்கி ஒரு விரற்கடை அசைந்தால் போதும், மண்ணை விட்டு வந்துவிடும் அல்லவா? அதே தந்திரம்தான். பணக்கார வேட்டைக்காரர்கள் இரட்டைக் குழல் துப்பாக்கியை விரும்பியதற்கும் காரணம் இருந்தது. ஒரு குழலில் தோட்டா சிக்கினாலும் இன்னொரு குழல் வெடிக்கும்.

போர்க்களத்தில்

வேட்டைக்காரன் ஒருவன் செத்தால் ஒரு வீட்டில் அழுகை. பட்டாளத்தின் துப்பாக்கியே சிக்கினால்?

1885-ஆம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி. சூடான் நாட்டுப் பாலைவனத்தில் அபு கிளியா என்ற இடம். மஹ்தியின் வீரர்கள் ஈட்டியோடு பாய்ந்து வந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி இருந்தது. அதன் தோட்டாக் கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. சூட்டிலும் மணலிலும் கூடு கிழிந்து, பல துப்பாக்கிகள் சிக்கின. துப்பாக்கி இருந்தும் சுட முடியவில்லை! அதன் பிறகு, ஒரே துண்டாக இழுத்துச் செய்த கெட்டிப் பித்தளைக் கூடு வழக்கத்துக்கு வந்தது.

80 ஆண்டு கழித்து வியட்நாமில் அமெரிக்கர்களுக்கும் இதே கதி! எம்-16 என்ற புது ரைபிளைக் கொடுத்தார்கள். துடைக்கவே வேண்டாத துப்பாக்கி என்று பேச்சு. துடைக்கும் சாமானும் போதுமான அளவு கொடுக்கவில்லை. மருந்தையும் நடுவில் மாற்றினார்கள். கரி அதிகம் படிந்தது. மழைக் காட்டு ஈரத்தில், தோட்டா உட்காரும் அறை துருப்பிடித்துச் சொரசொரப்பானது. கூடு சிக்கியது. குழலின் முன்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளினால்தான் வரும். எதிரி அதுவரை காத்திருப்பானா? சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். 1967-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டி விசாரித்தது. தோட்டா அறைக்குக் குரோமியம் பூசினார்கள். துடைக்கும் சாமான் கொடுத்தார்கள். 1968-ல், துப்பாக்கியை எப்படித் துடைப்பது என்று ஒரு படக்கதைப் புத்தகமே போட்டார்கள்! வரைந்தவர் வில் ஐஸ்னர் என்ற பிரபல படக்கதை ஓவியர். அதிகாரிகளின் சுற்றறிக்கையைவிட அது நன்றாக வேலை செய்திருக்கும்.

குறி தப்புவது ஏன்?

தோட்டா சிக்காமல் வந்தாலும், குண்டு குறியில் பட வேண்டுமே! தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது பிரிட்டிஷார் புது லீ என்ஃபீல்டு ரைபிள்களை அனுப்பினார்கள். 500 கஜ தூரத்தில் குண்டு 18 அங்குலம் வலது பக்கம் தள்ளி விழுந்தது. சுட்டவர் கையில் தவறு இல்லை. குறி பார்க்கும் முள்ளைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார்கள்!

நம் நாட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. துப்பாக்கியின் அடிக்கட்டை மரம். மழையில் ஊதும். வெயிலில் சுருங்கும். ஊதிய மரம் குழலை ஒரு பக்கமாக நெருக்கினால் குண்டு திசை மாறும். கல்கத்தா அருகே இச்சாப்பூரில் ரைபிள் செய்தவர்கள், மரம் பிளக்காமல் இருக்கக் கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியை முடுக்கினார்கள். அதற்கு "இச்சாப்பூர் திருகாணி" என்றே பெயர் வந்துவிட்டது.

அதே இச்சாப்பூரில்தான் "315" என்ற வேட்டை ரைபிளையும் செய்தார்கள். 303 தோட்டா பட்டாளத்துக்கு உரியது. பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது. அதனால் அதே அமைப்பில் வேறு அளவுத் தோட்டா! 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடுமையான கட்டுப்பாடு வைத்தது. ரைபிள் வைத்திருக்க வேண்டுமானால் லைசென்சு வேண்டும்.

லைசென்சு உள்ளவர் புது ரைபிளைச் சோதிப்பது எப்படி? மணல் மூட்டை மேல் வைத்து, காகிதத்தில் 3 குண்டு சுடுவார்கள். 3 ஓட்டையும் ஒரே இடத்தில் விழுந்து, ஆனால் குறியை விட்டுத் தள்ளி இருந்தால், முள்ளை நகர்த்தினால் போதும். 3 ஓட்டையும் மூன்று திசையில் சிதறினால் முள்ளைத் தொடவே கூடாது. திருகாணி தளர்ந்திருக்கலாம். மரம் குழலை இடிக்கலாம். தோட்டாவே மோசமாக இருக்கலாம். கை நடுங்கியும் இருக்கலாம்; அதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை!

கூடு சிக்கினாலும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதலில் தோட்டா அறையில் துருவும், பழைய கிரீசும், கரியும் இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு வேறு பெட்டித் தோட்டாவைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் சிக்கினால் அறையே சொரசொரப்பு. அல்லது கொக்கி தேய்ந்திருக்கிறது. சுத்தியால் தட்டுவதும், வெடிக்காத தோட்டாவைக் கம்பியால் குத்துவதும் உயிருக்கு ஆபத்து. லைசென்சு பெற்ற துப்பாக்கிப் பழுதுக்காரரிடம்தான் கொண்டு போக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். திருகாணியையும் முடுக்கி, முள்ளையும் நகர்த்தி, தோட்டாவையும் மாற்றினால், எது நோய், எது மருந்து என்று தெரியாது. திருகாணியை முடுக்கினால், முதலில் 3 குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.