பெல்ட்டில் பூத்த பூசணம்

அந்தமானில் மழை பிடித்துப் பத்து நாள் ஆகியிருக்கும். அலமாரியைத் திறந்தால் ஈரவாடை. தோல் பெல்ட்டைத் தடவினால் விரலில் ஒட்டுகிறது வெளிர்பச்சைப் பூசணம். தட்டிவிட்டால் போதும், அடுக்கடுக்காகத் தும்மல். இழுப்பு உள்ளவருக்கு அன்றிரவு தூக்கமில்லை.

ஒவ்வாமை என்றதும் மகரந்தம்தான் நினைவுக்கு வரும். குளிர்நாடுகளில் வசந்தத்தில் பிர்ச் மரம், கோடையில் புல் என்று முறைவைத்துப் பூப்பதால் நாட்காட்டி போடுவது எளிது. நம் நாட்டிலும் சண்டிகருக்கு அப்படியொரு மகரந்த நாட்காட்டி இருக்கிறது. தீவுகளிலோ தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விடுகிறது. அதன் மகரந்தமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால், ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, இரண்டு பருவக்காற்றும் நனைக்கும் மண் என்றிருக்கும் இடத்தில் அதைவிடக் கவனிக்க வேண்டியவை பூஞ்சை வித்துகள்.

மகரந்தத்துகள் பெரும்பாலும் 20 மைக்ரானுக்கு மேல் இருக்கும், மூக்கிலேயே தங்கிவிடும். பூசணத்தில் சாதாரணமாகக் காணப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வித்துகள் 2 முதல் 5 மைக்ரான்தான். நுரையீரலின் சிறு குழாய்கள்வரை போய்விடும்.

காற்றில் மிதப்பதைக் கணக்கெடுக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. டி.டி. கன்னிங்ஹாம் என்பவர் கல்கத்தாக் காற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1873-இலேயே நூல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பயன்படுவது 1952-இல் ஹர்ஸ்ட் என்பவர் வடிவமைத்த வகைப் பொறி. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை அது உறிஞ்சும். உள்ளே பசை தடவிய நாடா மணிக்கு 2 மி.மீ. நகரும். எந்த மணியில் எது விழுந்தது என்பதை நாடா காட்டிக்கொடுக்கும். எண்ணுவது நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் மனிதர்.

ஆனால் நாடா சொல்வது நேற்றைய கதை. பல ஆண்டு எண்ணிக்கையோடு நாளைய வானிலையைச் சேர்த்துப் பார்த்தால்தான் முன்னறிவிப்பு. அங்கேதான் மழை குழப்புகிறது. கிளாடோஸ்போரியம் போன்றவை உலர்காற்றில் பகலில் பறப்பவை. மழை அவற்றைக் கழுவி இறக்கிவிடும். இன்னொரு வகைப் பூஞ்சைக்கு வித்துப்பை உண்டு. ஈரம் பட்டதும் பை உப்பி, வித்துகளைப் பீய்ச்சி அடிக்கும். ஒரே மழை ஒன்றை அடக்கி மற்றொன்றைக் கிளப்புகிறது. மழை விட்டதே என்று ஜன்னலைத் திறப்பவருக்கு இழுப்பு வருவது இதனாலும் இருக்கலாம்.

முன்னறிவிப்பு எல்லா ஊருக்கும் வசதி, தீவுக்குத் தேவை. கடல் கொந்தளித்தால் வெளித்தீவுகளுக்குக் கப்பல் நிற்கும். கடையில் மருந்து தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே மழைச்செய்தி கேட்டதும் குடையோடு இன்ஹேலரையும் பார்த்துவையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பெல்ட்டைத் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அதையும் வீட்டில் இழுப்பு இல்லாதவர் செய்யட்டும்.