பழக்கிய தட்டில் பிஸ்கட் ஒட்டாது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நிறைய. பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்றும் தொலைவில் இல்லை. வெறும் இரும்பு அங்கே என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் மெல்லிய இரும்புத் தகடு எண்ணெய் பூசியே ஆலையை விட்டு வெளியேறுகிறது. அந்தத் தகட்டை மடக்கிச் செய்த பேக்கரித் தட்டுக்கும் எண்ணெய்தான் காவல். ஆனால் அடுப்பில் சுட்டு இறுகிய எண்ணெய். பிஸ்கட் ஒட்டாமல் வருவது அன்றன்று தடவும் வெண்ணெயால் அல்ல, தட்டை முன்பே பழக்கி வைத்ததால்தான் என்பேன்.

வழவழப்பாகத் தெரியும் தகட்டிலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. மாவிலுள்ள சர்க்கரை சூட்டில் பாகாகி அவற்றுக்குள் இறங்கும். ஆறினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முட்டை, பால் புரதங்களோ வேகும்போதே உலோகத்தோடு பிணைந்துவிடும். வெண்ணெயை அள்ளிப் பூசுவது இதற்குப் பாதி மருந்துதான். அதில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். கூடவே இருக்கும் பால்சத்து தானே கருகி ஒட்டும். கூடுதலாகப் பூசினால் பிஸ்கட் பரந்து, ஓரம் மெலிந்து தீயும். தட்டைப் பழக்குவது வேறு வேலை. புதுத் தட்டிலுள்ள ஆலை எண்ணெயை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, உலர்த்தி, நல்லெண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு மணி நேரம் சுட வேண்டும். எண்ணெய் மூலக்கூறுகள் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று கோத்துக் கெட்டிப் பூச்சாகும். மூன்று நான்கு முறை செய்தால் பள்ளங்கள் மூடிவிடும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. கொழுப்பின் நிறைவுறாத தன்மையைக் காட்டும் அயோடின் எண் நல்லெண்ணெயில் 100க்கு மேல், தேங்காய் எண்ணெயில் 10ஐ ஒட்டி. தோசைக்கல் பழக்க நம் வீடுகளில் நல்லெண்ணெயை எடுத்தது வெறும் வழக்கமல்ல.

தாள் விரித்தால் போதாதா என்பார்கள். சிலிகான் பூசிய தாளென்றால் போதும். அலுமினியத் தட்டுக்கு அதுவே சுலபம். ஆனால் கடையில் ‘பட்டர் பேப்பர்’ என்று கிடைப்பதிலெல்லாம் சிலிகான் இருப்பதில்லை. இல்லாத தாள் பிஸ்கட்டின் அடியோடு வந்துவிடும். நான்-ஸ்டிக் தட்டு? 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான் அருமையான பொருள்தான். இரும்புக் கரண்டி கீறினால் அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை; பழக்கிய தட்டுக்கோ ஒரு கரண்டி எண்ணெய் போதும். சோப்புப் பட்டால் பூச்சு போய்விடும் என்ற அச்சமும் மிகை. புளியும் இரும்பு நாரும்தான் அதற்கு எதிரி. வெல்லப்பாகு வழியும் பிஸ்கட்டுக்கு மட்டும் பழக்கிய தட்டிலும் தாள் விரிக்கத்தான் வேண்டும்.