போன் கையில் இருந்தால் போதுமா?

ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதைப் படித்துக் காட்ட எழுத்து வாசனை உள்ள ஒருவரைத் தேடிப் போன காலம் ஒன்று இருந்தது. கடிதத்தில் வீட்டு விஷயம் இருக்கும். கடன் விஷயமும் இருக்கும். வேறு வழியில்லாமல் அத்தனையும் அயலார் காதில் விழும். கடிதப் போக்குவரத்து அருகி, தந்தியும் 2013 ஜூலையோடு நின்று, இன்று எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. ஆனால் பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த தமிழர்களில் பலருடைய நிலைமை அவ்வளவாக மாறவில்லை. பச்சைப் பட்டனை அழுத்திப் பேசவும், சிவப்புப் பட்டனை அழுத்தி நிறுத்தவும் தெரியும். மற்றதற்கெல்லாம் அறையில் உடன் தங்கியிருக்கும் பையனிடமோ, ரீசார்ஜ் கடைக்காரரிடமோ போனை நீட்ட வேண்டியிருக்கிறது.

பேசுவதோடு காரியம் முடிந்துவிட்ட நாளில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. இன்று சம்பளம் பாங்கில் விழுந்த செய்தி போனில்தான் வருகிறது. காஸ் சிலிண்டர், ஆதார், பிராவிடண்ட் பண்டு என்று எதை எடுத்தாலும் ஒரு ரகசிய எண் போனுக்கு வருகிறது. அந்த எண்ணைப் படிக்கிறவர் எவரோ, அவர் கையில்தான் கணக்கின் சாவி இருக்கிறது. ஆகவே போனைத் தாமே இயக்கத் தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு அல்ல. பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் காப்பாற்றும் காரியம். விலையுயர்ந்த போன் இதற்குத் தேவையில்லை. சாதாரணப் பட்டன் போனே போதும். கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

சட்டைப் பைக்கு வந்த கதை

இந்தியாவில் முதல் செல்போன் உரையாடல் 1995 ஜூலை 31ஆம் தேதி நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்த நாளில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் அளவுக்குக் கட்டணம் இருந்தது. கூப்பிடுகிறவருக்கு மட்டுமல்ல, வருகிற அழைப்பை எடுப்பவருக்கும் செலவுதான். 2003 மே மாதத்திலிருந்து வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆன பிறகே செல்போன் தொழிலாளியின் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது.

அதே 2003இல் நோக்கியா கம்பெனி வெளியிட்ட 1100 என்ற பட்டன் போன் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசு எளிதில் புகாத பட்டன்கள், தலைப்பக்கம் ஒரு சிறு டார்ச் விளக்கு, இவைதான் அதன் விசேஷம். அந்தக் கம்பெனிக்கு ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை பெரிய தொழிற்சாலை ஒன்று நடந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதில் வேலை பார்த்தார்கள்.

தொடுதிரைப் போன்கள் பெருகிவிட்ட இன்றைக்கும் பட்டன் போன் மறையவில்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பல நாள் தாங்குகிறது. கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடைவதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது 2ஜி போனா, 4ஜி போனா என்பதே அது. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. ஆகவே 2ஜி போனில் ஜியோ சிம்மைப் போட்டால் வேலை செய்யாது.

பன்னிரண்டு பட்டன்கள்

கம்பெனிக்குக் கம்பெனி சிறு வித்தியாசம் இருந்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். எண் பட்டன்கள் பத்து, * குறி, # குறி இரண்டு, ஆகப் பன்னிரண்டு. நடுவிலுள்ள 5ஆம் பட்டன் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். இருட்டிலோ, கண்ணாடி இல்லாமலோ விரலால் தடவி அதைக் கண்டுபிடித்துவிட்டால், சுற்றியுள்ள எண்களெல்லாம் தாமாகவே பிடிபட்டுவிடும்.

சிவப்புப் பட்டனுக்கு இரண்டு வேலை. பேச்சை நிறுத்துவது ஒன்று. எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் விழிக்கும்போது, முதல் திரைக்குக் கொண்டு வந்து விடுவது மற்றொன்று. இதை அறிந்தவருக்குப் போனைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் பாதி போய்விடும். பல போன்களில் # பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மணி அடிப்பது நின்றுவிடும். மறுபடி அழுத்திப் பிடித்தால் பழையபடி அடிக்கும். “போன் அடிக்கவே மாட்டேன் என்கிறது” என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இவ்வளவுதான்.

நம்பரைச் சேமிப்பது

போன் நம்பர் பத்து இலக்கம். அதன் முன்னால் இந்தியாவுக்குரிய +91 என்பதையும் சேர்த்துச் சேமித்துக்கொள்வது நல்லது. 0 பட்டனை அழுத்திப் பிடித்தாலோ, சில போன்களில் * பட்டனை இருமுறை தட்டினாலோ + குறி வரும்.

பெயர் எழுதுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2 முதல் 9 வரையுள்ள பட்டன்கள் ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். எத்தனையாவது எழுத்தோ அத்தனை தடவை தட்ட வேண்டும். ராஜா என்று ஆங்கில எழுத்தில் எழுத, 7ஐ மூன்று தடவை, 2ஐ ஒரு தடவை, 5ஐ ஒரு தடவை, மறுபடி 2ஐ ஒரு தடவை தட்டினால் போதும். தமிழில் எழுத வசதியுள்ள போன்களும் உண்டு. வாங்கும்போதே அதைக் கேட்டு, மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டால் போன் காட்டும் பட்டியல்களும் தமிழில் வரும்.

சேமிக்கும்போது போனிலா, சிம்மிலா என்று கேட்கும். சிம் அட்டையில் சாதாரணமாக 250 நம்பர் வரை அடங்கும். போன் கெட்டுவிட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளலாம். நம்பர்கள் அப்படியே இருக்கும். ஆனால் போனோடு சிம்மும் தொலைந்தால் இரண்டும் போச்சு. ஆகையால் வீடு, மனைவி மக்கள், மேஸ்திரி, பாங்க் ஆகிய முக்கிய நம்பர்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வைத்திருப்பது அவசியம். ரயிலில் போனைப் பறிகொடுத்துவிட்டு, வீட்டு நம்பரே ஞாபகமில்லாமல் நிற்கிறவர்கள் இன்றும் உண்டு.

தாமே படிக்க வேண்டிய செய்தி

திரையின் மேல் ஓரத்தில் சிறிய தபால் உறை போன்ற அடையாளம் தெரிந்தால் எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது என்று அர்த்தம். சிறு போன்களில் செய்திகளுக்கு இடம் குறைவு. பழைய செய்திகள் நிரம்பிவிட்டால் புதியது உள்ளே வராது. “பாங்கிலிருந்து தகவலே வருவதில்லை” என்பதற்குப் பல சமயம் இதுவே காரணம். வாரம் ஒருமுறை வேண்டாதவற்றை அழித்துவிட வேண்டும்.

பாங்கிலிருந்து வரும் செய்தி ஆங்கிலத்தில் இருந்தாலும் கவலையில்லை. கிரெடிட் என்றால் வரவு. டெபிட் என்றால் பற்று. இந்த இரண்டு சொற்களின் வடிவத்தையும், கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களையும், தொகையையும் அடையாளம் கண்டுகொண்டால் போதுமானது. இந்தியாவில் விற்கும் போன்கள் தமிழ் உட்பட 22 மொழிகளிலும் செய்தியைக் காட்ட வேண்டும் என்று 2016இல் தர விதி வகுக்கப்பட்டது. ஊருக்குத் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் 70தான். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேரும். அதற்கு மேல் போனால் இரண்டு செய்தியாகக் கணக்கிடப்படும்.

ஓ.டி.பி. எனப்படும் ரகசிய எண் வந்தால் அது படிக்கிறவருக்கு மட்டுமே உரியது. பாங்க் மானேஜர் என்றும், போலீஸ் அதிகாரி என்றும் சொல்லிக்கொண்டு போனில் அதைக் கேட்பவர் எவராயினும் மோசடிக்காரரே. பணம் போய்விட்டது தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். முந்திச் சொன்னால் பணம் கை மாறுவதற்குள் தடுக்க வழியுண்டு.

பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம்

வீட்டுக்குப் பணம் அனுப்பப் பெரிய போன் வேண்டும் என்பது தப்பெண்ணம். பாங்கில் பதிவு செய்த நம்பரிலிருந்து *99# என்று தட்டிப் பச்சைப் பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். பணம் அனுப்ப, இருப்பு அறிய என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். இன்டர்நெட் தேவையில்லை. தமிழ் உட்படப் பல மொழிகளில் இது நடக்கிறது; ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். இது தவிர, பட்டன் போன்களுக்கென்றே ரிசர்வ் பாங்க் 2022 மார்ச்சில் தொடங்கி வைத்த 123பே என்ற ஏற்பாடும் உண்டு. கூப்பிட்டு, குரல் சொல்கிறபடி எண்களை அழுத்த வேண்டும். அதற்கான உச்ச வரம்பு பின்னர் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இரண்டுக்கும் ரகசியப் பின் நம்பர் வேண்டும். முதல் தடவை அதை அமைக்கும்போது ஏ.டி.எம். கார்டின் கடைசி ஆறு இலக்கங்களையும், கார்டு காலாவதியாகும் மாதம், வருஷத்தையும் கேட்கும். பின் நம்பரைத் தட்டும்போது அது திரையில் மறையாமல் எண்ணாகவே தெரியக்கூடும். பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத் தட்ட வேண்டும். இன்னொன்றும் முக்கியம். பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் தேவை. பணம் பெற அது தேவையே இல்லை. “உங்களுக்குப் பணம் வருகிறது, பின் நம்பரை அழுத்துங்கள்” என்று ஒருவர் சொன்னால், பணம் போகப் போகிறது என்றே பொருள்.

அவசரத்துக்கு ஓர் எண்

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் நாடு முழுவதும் பொதுவான எண் 112. பட்டன் பூட்டு போட்டிருந்தாலும் இந்த எண்ணைத் தட்டிக் கூப்பிடலாம். 2016இல் வந்த அரசு விதிப்படி, பட்டன் போன்களில் 5 அல்லது 9ஆம் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு போக வேண்டும். தம் போனில் எது என்று விற்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கூப்பிட்டால் மட்டும் போதாது. எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். தங்கியிருக்கும் தெரு, பக்கத்திலுள்ள ரயில் நிலையம் அல்லது பஸ் ஸ்டாப் இவற்றின் பெயரை அந்த மாநில மொழியில் சொல்லப் பழகிக்கொள்வது ஆபத்துக்கு உதவும்.

தொலைந்தால் என்ன செய்வது?

*#06# என்று தட்டினால் 15 இலக்க எண் ஒன்று திரையில் வரும். அது போனின் ஜாதகம் மாதிரி. ஒவ்வொரு போனுக்கும் வேறு வேறு. இன்றே அதை எழுதி வைக்க வேண்டும். போன் திருட்டுப் போனால் முதலில் சிம் கம்பெனிக்குச் சொல்லி இணைப்பை நிறுத்தி, போலீசில் புகார் கொடுக்க வேண்டும். புகார் நகலையும் இந்த 15 இலக்க எண்ணையும் கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஏற்பாட்டின் மூலம் அந்தப் போனை எவரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கலாம். அடையாளச் சான்று காட்டிப் பழைய நம்பரிலேயே புது சிம் பெறலாம்.

திருட்டைவிடச் சத்தமில்லாமல் நம்பரைப் பறிப்பது மறதி. பிரீபெய்டு சிம்மைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல், அதில் 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் விட்டுவிட்டால் இணைப்பு ரத்தாகலாம். பின்னால் அந்த நம்பர் வேறொருவருக்கும் போய்ச் சேரலாம். பாங்குக்கும் ஆதாருக்கும் கொடுத்த நம்பர் அதுவாக இருந்தால் எத்தனை தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர் நம்பர் ஒன்று, இங்கே வாங்கிய நம்பர் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் இதில் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இன்டர்நெட் வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் கொண்ட ரீசார்ஜ் திட்டங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் அதைக் குறிப்பாகக் கேட்டு வாங்கினால், உபயோகிக்காத இன்டர்நெட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு நம்பரைச் சேமித்து, அழித்து, மறுபடி சேமித்துப் பார்க்கலாம். மறுநாள் உடன் இருப்பவருக்கு ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். அதற்கடுத்த நாள் *#06#. தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் அவர் சொல்லச் சொல்லத் தம் விரல்தான் தட்ட வேண்டும். ‘தன் கையே தனக்கு உதவி’ என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, தாயாருக்கும் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம். அங்கேயும் ஒரு பட்டன் போன், யாராவது வந்து செய்தியைப் படித்துக் காட்ட மாட்டார்களா என்று காத்துக்கொண்டுதான் இருக்கிறது.